எந்தக் காலத்துக் கச்சேரி வெளிவர வேண்டும்?

ஜி.என்.பி.யின் குரல் எந்த வயதில் உச்சத்தில் இருந்தது? எம்.எஸ். அம்மையார் 1940களில் பாடியது உயர்ந்ததா, 1960களில் பாடியதா? மதுரை மணி ஐயரின் எந்த ஆண்டுக் கச்சேரியைக் குறுந்தட்டாகக் கொண்டு வரலாம், எதை வெளியிடாமல் விட்டுவிடலாம்?

சங்கீத ரசிகர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் இந்தக் கேள்விகள் எழாமல் போவதில்லை. மயிலாப்பூரில் சபா வாசலில் நடக்கும் இதே வழக்கு, ஜொகூர் பாருவில் காப்பிக் கடை மேசையிலும் நடக்கிறது. கடல் கடந்து வந்த தமிழருக்குக் கச்சேரி என்பது பெரும்பாலும் ஒலிநாடா வழியாகக் கிடைத்த செல்வம். நேரில் கேட்டவர் சிலர். சென்னைக்குப் போய் வந்தவர் கொண்டு வந்த கேசட்டைக் கேட்டவரும், அதை இன்னொரு கேசட்டில் பதிவு செய்து வாங்கிக் கேட்டவருமே பலர். அதனால் எந்தப் பதிவு வெளிவருகிறது, எது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. ஒரு பெரிய வித்துவான் அடுத்த தலைமுறைக்கு எப்படிப்பட்டவராகப் போய்ச் சேர்வார் என்பதே அதில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விவாதத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. எந்தக் காலத்துக் கச்சேரி மிஞ்ச வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தவர் ரசிகரும் அல்லர், வித்துவானும் அல்லர். தீர்மானித்தது இயந்திரம். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வழக்கின் போக்கே மாறிவிடும்.

மூன்று நிமிடச் சங்கீதம்

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரல் அப்போது பதிவானது. பின்னர் தென்னாட்டுக் கலைஞர்களும் தட்டில் பாட வந்தார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறக்குறைய மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் மூன்றரை நிமிடம்.

கச்சேரியில் ஒரு ராகத்தை அரை மணி நேரம் விரித்துப் பாடுகிறவர், அந்தக் கூடத்தில் மூன்று நிமிடத்துக்குள் ராகத்தைத் தொட்டு, பல்லவியைச் சொல்லி, சரணத்தை முடித்தாக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடிய பாட்டு அது. அதிலும் மேதைகள் அற்புதம் செய்தார்கள் என்பது உண்மை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு தமிழ்நாட்டு வீடுகளையும் கடந்து இலங்கை, மலாயா வரை பேசப்பட்டது. ஆனால் அவருடைய தோடி என்று ஊர் ஊராகச் சொன்னது, சுவாமி புறப்பாட்டில் வீதியில் நின்று மணிக்கணக்கில் வாசித்த தோடி. தட்டில் இருப்பது அந்தத் தோடியின் சில நிமிடங்கள்தான். கோயில் வீதியில் ஒலித்தது கேட்டவர்களோடு போய்விட்டது. ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்தார்.

தட்டில்கூடச் சிக்காதவர்களும் இருந்தார்கள். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை 1934இல் காலமானார். லய நுட்பத்தில் அவருக்கு நிகரில்லை என்று அடுத்த தலைமுறை வித்துவான்கள் வாயாரச் சொன்னார்கள். டி.கே. பட்டம்மாள் போன்றவர்கள் அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அவர் குரல் ஒரு தட்டிலும் இல்லை. அவருடைய சிறந்த காலம் எது என்று இன்று யாரும் வாதாட முடியாது. வாதாடுவதற்குப் பொருளே இல்லை.

நாடா வந்தபோது யாருக்கு என்ன வயது?

முழுக் கச்சேரியைப் பிடிக்க வல்ல இயந்திரம் காந்த ஒலிநாடாப் பதிவுக் கருவி. ஜெர்மனியில் 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே மற்ற நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் வசதி படைத்த ரசிகர்கள் கையிலும் வானொலி நிலையங்களிலும் அது பரவலாக வந்தது 1950களில்தான்.

இந்த ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 1955ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு 65 வயது நிறைந்தது. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு 47. ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கு 45. மதுரை மணி ஐயருக்கு 43. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 39.

இன்று கச்சேரி நடக்கும் முறையையே வகுத்துக் கொடுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி, 1938இலேயே சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவரை முழுக் கச்சேரியாக நாம் கேட்பது பெரும்பாலும் அறுபதைக் கடந்த அரியக்குடியைத்தான். முப்பத்தைந்து வயதில் அவர் மேடையை ஆண்ட காலம் எந்தச் சுருளிலும் இல்லை. 'அரியக்குடியின் குரலில் அவ்வளவு இனிமை இல்லையே' என்று இன்றைய இளைஞர் ஒருவர் சொன்னால், அவர் குறை கூறுவது அரியக்குடியை அல்ல. இயந்திரம் பிந்தி வந்ததைத்தான்.

சுருள் நாடாவுக்கும் அளவு உண்டு. ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா. விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிடம். ஒலித்தரம் வேண்டி வேகத்தை இரட்டிப்பாக்கினால் 32 நிமிடம்தான். நான்கு மணி நேரக் கச்சேரிக்கு எத்தனை சுருள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடாவின் விலையோ அதிகம். அதனால் பதிவு செய்தவர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கருவியை நிறுத்தி வைப்பார். பாட்டு திரும்பும்போது மறுபடி ஓட விடுவார். இப்படித்தான் பல பழைய பதிவுகளில் மிருதங்கத் தனி இல்லாமல் போயிற்று. பாலக்காட்டு மணி ஐயரையும் பழனி சுப்பிரமணிய பிள்ளையையும் தேடி அலைகிற லய ரசிகர்களுக்கு இது தீராத வருத்தம்.

வானொலி நிலையங்களின் கதையும் இதுவே. சென்னை வானொலி 1938இல் தொடங்கியது, திருச்சி 1939இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வித்துவான்கள் நேரடியாகப் பாட, அது நேரடியாகவே காற்றில் போயிற்று. நாடா வந்த பிறகும், ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களில் இருந்த வழக்கம். மிஞ்சியது தேர்ந்தெடுத்து மிஞ்சியது அல்ல, தப்பிப் பிழைத்தது.

முதல் அணி: உச்சக் காலம் மட்டும் போதும்

இப்போது வழக்குக்கு வருவோம். பட்டிமன்றம் போல இதில் இரண்டு அணிகள்.

முதல் அணியின் வாதம் இது. ஒரு கலைஞரைச் சந்தைக்குக் கொண்டு வரும்போது அவருடைய சிறந்த முகத்தைத்தான் காட்ட வேண்டும். ஜி.என்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1928ஆம் ஆண்டு மயிலை கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில், பதினெட்டு வயதில் மேடையேறியவர். மின்னல் வேகப் பிருகாக்களால் ஒரு தலைமுறை இளைஞர்களைத் தன் பாணியில் பாட வைத்தவர். 1940இல் 'சகுந்தலை' படத்தில் எம்.எஸ். அவர்களுடன் நடித்தபோது தமிழ்நாடே அவர் பின்னால் போயிற்று. ஆனால் இன்று புழங்கும் அவருடைய கச்சேரிப் பதிவுகள் 1950களையும் 1960களின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. அவர் 1965 மே 1ஆம் தேதி ஐம்பத்தைந்தே வயதில் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. அந்தக் காலப் பதிவைக் கேட்டு 'இவரா அந்த ஜி.என்.பி.' என்று ஒருவர் நினைத்தால், அது அவருக்குச் செய்யும் மரியாதையா?

இதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. மேடையில் பாடியவர், அன்று எதிரே அமர்ந்திருந்தவர்களுக்காகப் பாடினார். தொண்டை கட்டியிருந்தால் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த இரவு அத்தோடு முடிந்துவிடும் என்று நம்பித்தான் அவர் பாடினார். மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர் வைத்திருந்த கருவி அந்தச் சறுக்கலை அறுபது ஆண்டுகளுக்குச் சுமந்து வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவரிடம் சம்மதம் கேட்க இன்று வழியில்லை.

இரண்டாம் அணி: பழுத்த காலத்தை ஒதுக்காதீர்கள்

இரண்டாம் அணி எழுந்து நிற்கிறது. குரல் வேறு, சங்கீதம் வேறு என்கிறார்கள் இவர்கள். செம்மங்குடிக்கு இளமையிலேயே குரல் எளிதில் வசப்படவில்லை. அதை உழைத்து உழைத்து வசப்படுத்தியவர் 1947இல் சங்கீத கலாநிதி ஆனார். தொண்ணூறு வயதைத் தொட்ட பின்னும் மேடை ஏறினார். 2003இல் மறையும்வரை சங்கீதத்தோடு வாழ்ந்தார். இளமைக் குரலை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவருடைய வாழ்க்கையில் பாதிக்கு மேல் தள்ளிவிட வேண்டியிருக்கும். அப்படித் தள்ளிவிட்டால், ஒரு ராகத்தை எழுபது ஆண்டு நினைத்துக்கொண்டே இருந்த மனம் அதை எப்படிப் பாடும் என்பதை வருங்காலம் எங்கே போய்க் கேட்கும்?

ஜி.என்.பி. விஷயத்திலும் இந்த அணிக்கு விடை உண்டு. வேகம் குறைந்த பிற்காலத்தில்தான் அவருடைய ராக ஆலாபனையில் நிதானமும் சிந்தனையும் கூடின என்பது இவர்கள் கட்சி. பிருகா குறைந்த இடத்தில் ராகம் நிறைந்தது என்பார்கள். இது காதுக்குக் காது மாறும் தீர்ப்புதான். ஆனால் பதிவு வெளிவந்தால்தானே காது தீர்ப்புச் சொல்ல முடியும்?

மதுரை மணி ஐயர் இந்த அணியின் வலுவான சாட்சி. இன்று அவர் நம்மோடு இருப்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளால்தான். அந்தப் பதிவுகளில் ஒலிபெருக்கி இரைச்சல் இருக்கும், வீதிச் சத்தம் இருக்கும், கடைசியில் 'ஆங்கில நோட்டு' கேட்டுக் கூட்டத்திலிருந்து எழும் குரலும் இருக்கும். நோயோடும் பார்வைக் குறைவோடும் வாழ்ந்தவர் அவர். ஆனால் சுரம் பாடத் தொடங்கினால் கேட்பவர் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும். ஒலிக்கூடத்துச் சுத்தம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மணி ஐயரே இன்று இல்லை.

புல்லாங்குழல் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கத்தின் பெயரைச் சொன்னால் இரண்டு அணியும் திகைத்து நிற்கும். அவரிடம் 'காலம்' என்பதே செல்லாது. குழந்தை மேதையாக வந்தவர். கச்சேரிக்குத் தாமதமாக வருவார், சில நாள் வராமலே இருந்துவிடுவார், வந்தாலும் பாதியில் எழுந்து போவதுண்டு. மனம் வைத்து வாசித்த இரவில் அவருக்கு ஈடு கிடையாது. அவருடைய ரசிகர்கள் ஆண்டைக் கேட்பதில்லை, 'எந்த ராத்திரி?' என்றுதான் கேட்பார்கள். நல்ல ஆண்டில் மோசமான இரவும், மோசமான ஆண்டில் தெய்வீகமான இரவும் உண்டு என்பதை அவர் ஒருவரே காட்டிவிடுகிறார்.

எம்.எஸ்.: மேடை பெரிதானால் பதிவும் பெரிதா?

எம்.எஸ். அவர்களின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 'மீரா' தமிழ்ப் படம் வந்தது 1945இல். எடின்பரோ விழாவில் பாடியது 1963இல். ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது 1966 அக்டோபரில். காஞ்சிப் பெரியவர் இயற்றிய 'மைத்ரீம் பஜத' உலகச் சபையில் ஒலித்தது அன்றுதான். நியூயார்க் கார்னகி அரங்கில் 1977இலும், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 1982இலும் பாடினார். கணவர் சதாசிவம் 1997இல் மறைந்த பிறகு அவர் மேடையேறவில்லை. 2004 டிசம்பரில் மறைந்தார்.

இவற்றில் ஐ.நா. கச்சேரியும் கார்னகி கச்சேரியும் இசைத்தட்டாக வெளிவந்து உலகெங்கும் விற்றன. பெருமைதான். ஆனால் மேடை பெரிதாக இருந்ததால்தான் அவை முந்திக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்த முகங்கள் எதிரே இருக்க, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், விரிவாக ராகம் தானம் பல்லவி பாடிய உள்ளூர்ச் சபாக் கச்சேரிகள் தனியார் நாடாக்களில்தான் நெடுங்காலம் கிடந்தன. அவற்றைக் கேட்டவர்கள், 'இவர் பக்திப் பாடகி மட்டுமல்ல, முதல் தரச் சங்கீத வித்துவாம்சினி' என்று வியந்தார்கள். எந்தப் பதிவு வெளிவருகிறதோ அதுவே அந்தக் கலைஞரின் முகமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவில் ஒரு குழுவின் கதை

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய 'கிரேட்ஃபுல் டெட்' என்ற இசைக்குழு ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் செய்தது. ரசிகர்கள் பதிவு செய்வதை அந்தக் குழு தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. 1969 சிறந்ததா, 1972 சிறந்ததா, 1977 சிறந்ததா என்று அந்த ரசிகர்கள் பல்லாண்டுகளாக வாதாடி வருகிறார்கள்.

குழுவின் நாடாக் களஞ்சியத்தைப் பாதுகாத்த டிக் லட்வாலா, தாமே ஒரு பழைய ரசிகர். அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் 1993 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. 1999இல் அவர் காலமான பிறகும் தொடர்ந்து 36 தொகுதிகள் ஆயின. 2011ஆம் ஆண்டில் அந்தக் குழு துணிந்து ஒரு காரியம் செய்தது. 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் ஒன்று விடாமல் வெளியிட்டது. 'எது சிறந்தது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்' என்பது போல.

அதே குழுவின் இன்னொரு அனுபவம் நம்மவர் மனத்தில் பதிய வேண்டியது. 1977 மே 8ஆம் தேதி கார்னல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரிதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று பலர் சொல்வார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆனால் குழு அதை முறைப்படி வெளியிட்டது 2017இல், சரியாக 40 ஆண்டுகள் கழித்து. காரணம் என்ன? பதிவு செய்த பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண்மணியிடம் இருந்த மூல நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்தில் போய்விட்டன. வாங்கியவர்கள் கையில் சில சுருள்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பொறுமைசாலிகளான ரசிகர்கள் சிலர் அவற்றை மீட்டெடுத்தார்கள். உலகம் மெச்சிய ஒரு கச்சேரியின் மூலமே கிடங்கு மூலையில் கிடந்ததென்றால், நம் வீட்டு அலமாரியை என்ன சொல்வது?

பெயர்ச்சீட்டு சொல்லும் பொய்

பாப் டிலன் 1966இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பாடியது என்று ஒரு திருட்டுப் பதிவு பல ஆண்டுகள் புழங்கியது. உண்மையில் அது மான்செஸ்டர் நகரில் பாடிய கச்சேரி. 1998இல் முறைப்படி வெளியிட்டபோதுதான் ஊர் திருந்தியது. டிலனுக்கே இந்த நிலை என்றால் நம் கேசட்டுகளைக் கேட்கவே வேண்டாம். 'ஜி.என்.பி. - நல்ல கச்சேரி' என்று மட்டும் எழுதியிருக்கும். ஆண்டு இருக்காது, ஊர் இருக்காது, பக்கவாத்தியம் யார் என்று இருக்காது. பிறகு காலத்தைப் பற்றி எப்படி வாதாடுவது?

இதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. அது வேகம். நாடா ஓடும் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடினால் சுருதி அரை கட்டை ஏறிவிடும். அறுபது வயதுக் குரல் நாற்பது வயதுக் குரல் போல ஒலிக்கும், பிருகா இன்னும் துரிதமாகும். வேகம் குறைந்தால் இளைஞர் கிழவராகிவிடுவார். 'இது உச்சக் காலம்', 'இது தளர்ந்த காலம்' என்று ரசிகர் சத்தியம் செய்யும் சில பதிவுகளில் பேசுவது கலைஞரின் வயது அல்ல, கருவியின் கோளாறு. பாடகர் வழக்கமாகப் பாடும் கட்டை எது என்று தெரிந்தால் இதைத் திருத்தலாம். பதிவில் கலந்துள்ள மின்சார ரீங்காரத்தை வைத்தும் திருத்தலாம். இந்தியாவிலும் மலேசியாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அந்த ரீங்காரம் எந்த அளவில் ஒலிக்கிறது என்று பார்த்தால் நாடா எவ்வளவு பிசகி ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஜொகூர் அலமாரிகள்

குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட் என்று ஜொகூரின் எந்த ஊரை எடுத்தாலும், பழைய ரசிகர் வீட்டில் ஒரு பெட்டி கேசட்டாவது இருக்கும். சில சென்னையிலிருந்து வந்தவை. சில பாலம் தாண்டிச் சிங்கப்பூர் சென்று சிராங்கூன் சாலையில் வாங்கியவை. சில கோயில் திருவிழாவில் நாதசுவரக் கச்சேரியின்போது மேடை ஓரத்தில் கருவியை வைத்துப் பதிந்தவை. வானொலித் தமிழ்ப் பகுதியின் நிகழ்ச்சியை வீட்டில் இருந்தபடி பிடித்தவையும் உண்டு.

இங்கே பிறந்த இசைக்கும் இதே கதிதான். 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய 'அலிகேட்ஸ்' குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டால் நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். அவர்களில் லோகநாதன் 2007இல் காலமானார். ஜொகூர் பாருவிலேயே 1981இல் தோன்றிய 'சர்ச்' குழு மலாய் ராக் இசையில் தனி இடம் பிடித்தது. இவர்களுக்குக் கூடத்தில் பதிந்த தட்டுகள் உண்டு. ஆனால் தோட்டத் திருவிழாக்களிலும் திருமண மேடைகளிலும் பாடிய எத்தனையோ தமிழ் இன்னிசைக் குழுக்களுக்குத் தட்டே கிடையாது. அவர்களுக்கு மிஞ்சுவது யாராவது பதிந்து வைத்த கேசட்டுதான். அது போனால் நயினாப் பிள்ளையின் குரல் போன வழிதான்.

தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். கற்பனைச் சுரம் உச்சிக்குப் போகும் நேரத்தில் 'டக்' என்று நின்று, மறுபக்கம் திருப்பிப் போடுவதற்குள் நாலு ஆவர்த்தனம் போயிருக்கும். அதுவும் வரலாற்றின் ஒரு பகுதிதான். ஆனால் நம் நாட்டு ஈரக் காற்று அந்த மிச்சத்தையும் விட்டு வைப்பதில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிகிறது. கேசட்டுக்குள் இருக்கும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்து ஒலி மங்குகிறது. பழைய அசெட்டேட் சுருள்களில் காடி வாடை வீசத் தொடங்கினால் நாடா அழிகிறது என்று பொருள். எந்தக் காலம் சிறந்தது என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே எல்லாக் காலமும் பெட்டிக்குள் கரைந்துகொண்டிருக்கிறது.

தீர்ப்பு என்ன?

இரண்டு அணியும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளை அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். காப்பாற்றுவது ஒன்று, கடையில் விற்பது வேறொன்று.

காப்பாற்றுவதில் காலப் பாகுபாடே கூடாது. குரல் கட்டிய இரவும், தனி ஆவர்த்தனம் நீண்ட இரவும், மழையில் ஒலிபெருக்கி நின்றுபோன இரவும் பத்திரமாக இருக்க வேண்டும். எது அரியது என்று இன்றைக்கு நாம் போடும் கணக்கை நாளைய காது மாற்றிவிடும்.

விற்பனைக்கு வெளியிடுவதில் முதல் அணியின் சொல்லுக்கு மதிப்புத் தரலாம். கலைஞரின் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். பாடகரை மட்டுமல்ல, பிடில்காரர், மிருதங்கக்காரர், கடம்காரர் ஆகியோரின் உரிமையையும் எண்ண வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் மேடைக் கலைஞருக்கென்று தனி உரிமையைத் தந்தது. மலேசியாவிலும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளைக் காக்கிறது. நாடா கையில் இருப்பதால் மட்டும் கச்சேரி ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைச் சென்னை மியூசிக் அகாடமி காட்டியிருக்கிறது. அங்கே 'டாக்' நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த மின்னிலக்க ஒலிக் களஞ்சியத்தில், ரசிகர்கள் தந்த ஆயிரக்கணக்கான மணி நேரக் கச்சேரிகள் சேர்ந்துள்ளன. வருகிறவர் உட்கார்ந்து கேட்கலாம், படி எடுத்துச் செல்ல முடியாது. கலைஞரின் மானமும் காக்கப்படுகிறது, ரசிகரின் பசியும் தீர்கிறது. ஐம்பது வயது ஜி.என்.பி.யையும் அறுபத்தைந்து வயது அரியக்குடியையும் அவரவர் வயதோடு கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியே வெளியிட்டாலும் மூன்று நேர்மைகள் வேண்டும். ஆண்டையும் ஊரையும் பக்கவாத்தியக்காரர் பெயரையும் உறையில் போட வேண்டும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். வேகத்தைச் சரி பார்த்துச் சுருதியைத் திருத்த வேண்டும். இருமலை வெட்டினாலும் தனி ஆவர்த்தனத்தை வெட்டக் கூடாது.

ஜொகூரில் இருப்பவர் செய்யக் கூடியதும் உண்டு. பழைய கேசட்டை அவசரப்பட்டுக் கருவியில் போடாமல், பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்ததைத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும், கருவியில் ஓட்டினால் மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நல்ல நிலையில் உள்ளதைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்காமல் மூலப் படி ஒன்றை அப்படியே வைத்து, வேறு வேறு இடங்களில் மூன்று படியாகப் பாதுகாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த ஊர், எந்தத் திருவிழா, தவில் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நாடாவைப் பின்னால்கூட ஒருவேளை மீட்டுவிடலாம். அந்தப் பெரியவரின் நினைவு போனால் மீட்க எந்தக் கருவியும் இல்லை.

எந்தக் காலத்துக் கச்சேரி சிறந்தது என்ற வழக்கு அதன்பிறகு நிம்மதியாக நடக்கட்டும். காப்பி ஆறும்வரை வாதாடலாம். வாதாடுவதற்குப் பாட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.